பதிலுக்குக் கத்தின கெடா

உக்காருங்க தம்பி, உக்காருங்க. எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தா லாரி நகுந்துருமுங்களா? மேல் வளைவுல கரும்பு லாரி குறுக்க நின்னுக்கிச்சுன்னு கண்டக்டரு சொல்லிட்டு பீடி பத்த வெக்கப் போயிட்டாரு. இனி கிரேன் வந்து இழுத்தாத்தான் உண்டு. அதுக்குள்ள யானை வந்து நாலு கரும்ப உருவும், அதையும் வேடிக்க பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். இந்த மலப்பாதையில இது புதுசில்லீங்க.

கழுத்துல தொங்கறது கேமராவுங்களா? ஏ அப்பா, மூக்கு எவ்வளவு நீளம்! மான் படம் புடிக்க வந்தீங்களாக்கும். கெடைச்சுதுங்களா? வாலு மட்டுமா? அது சரி. நீங்க பாட்டுக்குப் போயி நின்னா மானு வருமுங்களா? அதக் கூப்பிடோணுமுங்க. விருந்துக்கு ஒறம்பரையக் கூப்பிடற மாதிரி மரியாதையாக் கூப்பிடோணும்.

ஒண்ணு கேக்கறன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பாரஸ்ட்டு ஆபீசரு எதுவும் இல்லீங்களே? பேங்குல வேலையா? அப்பச் சரி. பேங்குன்னா பேசலாம்.

எம்பேரு பொங்கியண்ணன்ங்க. அடிவாரத்துல வாழை போட்டிருக்கறன். மானைக் கூப்பிடறதுல இந்த மல முச்சூடும் என்னைய அடிச்சுக்க ஆளு கெடையாது. பெருமைக்குச் சொல்லலீங்க. வேணும்னா எங்க ஊட்டுக்காரி சரசுவக் கேட்டுப் பாருங்க. அவ வேற மாதிரி சொல்லுவா, அத உடுங்க.

ஒண்ணுமில்லீங்க, ஒரு பச்சைப் புங்க எலை போதும். ரெண்டு கட்டவெரலுக்கு நடுவுல இழுத்துப் புடிச்சு, உள்ளங்கையக் கூட்டி ஊதோணும். பொட்ட மானு கெடாவக் கூப்பிடற சத்தம் அப்படியே வரும். எல்லாரும் ஊதுவாங்க. ஆனா எங்கூட்டு ஊதலுக்குன்னு ஒரு கணக்கு இருக்குது. சின்னச் சின்னதா மூணு, ஒரு மூச்சு சும்மா இருக்கோணும், கடைசியா ஒரு இழுப்பு. எங்கய்யன் கண்டுபுடிச்சது. இந்தக் கணக்குல ஊதறதுக்கு இன்னிக்கு உலகத்துலயே ரெண்டு பேருதான். ஒண்ணு நானு. இன்னொண்ணு எம்பட புள்ள வளர்மதி.

அவளுக்குச் சின்னதுல சோறே எறங்காதுங்க. நான் எலைய ஊதுவன், அவ வாயத் தொறப்பா, அந்த நேரம் பாத்து சரசு உருண்டைய உள்ள தள்ளுவா. அப்படிக் கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டா. நான் சொல்லிக் குடுக்காததையும் கத்துக்கிட்டா. புலியக் கண்டா கருமூஞ்சிக் கொரங்கு மரத்து மேல உக்காந்து அலறும் பாருங்க, 'கக்கர்ர்ர், கக்கர்ர்ர்'னு, அதையும் அச்சு அசலாக் கத்துவா. ஒரு தடவ மாரியாத்தா நோம்பிக்கு வந்த ஒறம்பரையெல்லாம் எலையில பாதிச் சோத்தோட எந்திரிச்சு ஓடிப்போச்சு. கெட்டிக்காரி. எம்பட ரத்தமுங்க.

போன வருசம் சித்திரையில கோட மழ நல்லாப் பேஞ்சுதுங்களா, காடு பச்சை கட்டிருச்சு. அதுல இருந்து எங்காட்டு ஆட்டுகளுக்கு என்ன வந்துச்சோ, தெனமும் சாயங்காலம் பொழுதோட ஒரு குட்டி காட்டுக்குள்ள தப்பிரும். எங்க ஆட்டுக மாதிரி தப்பிப் போற ஆட்டுகள நீங்க எங்கயும் பாக்க முடியாது. வளர்மதிதான் தேடிப் போவா. அலுக்கவே மாட்டா. தல சீவி, பவுடரு போட்டு, நல்ல சீலையாப் பாத்துக் கட்டிக்கிட்டுப் போவா. ஆடு தேடப் போனாலும் சுத்தபத்தமாப் போகோணும்பா, நல்ல புள்ள. திரும்பி வாரப்ப மூஞ்சியெல்லாம் செவந்திருக்கும், பாவம், வெயில்ல. பொழுது எறங்குன பொறவு ஏதுங்க வெயிலுன்னு கேக்காதீங்க. மலையில வெயிலு அப்படித்தான்.

காட்டுக்குள்ள அவ எலைய ஊதறது ஊடு வரைக்கும் கேக்கும். மூணு, ஒரு மூச்சு, ஒரு இழுப்பு. "ஏம் புள்ள, ஆட்டுக்கு மான் பாஷை புரியுமா?"ன்னு கேட்டன். "புரியறதுக்குப் புரியுதுங்கப்பா"ன்னா. குட்டியும் எப்படியோ கெடைச்சுத்தான் போகுது, நான் என்னத்தச் சொல்ல?

அந்தச் சமயத்துலதான் அவளுக்கு ஒரு வரன் வந்துச்சு. கோபிப் பக்கம் அரிசி மண்டி வெச்சிருக்கற குடும்பம். பையனுக்கு முன்னாடி முடி இல்ல, பின்னாடி நெலம் இருக்குது. எனக்கு நெம்பப் புடிச்சுப் போச்சு. வளர்மதி வேண்டாம்னா. "வேற எதாச்சும் மனசுல இருக்குதா புள்ள?"ன்னு கேட்டதுக்கு, "நம்மூரு பாரஸ்ட்டு வாச்சரு மாதேசு நல்லவருங்கப்பா"ன்னா. நான் வரனப் பத்திப் பேசிக்கிட்டிருக்கறன், அவ வாச்சரப் பத்திப் பேசறா! பொம்பளப் புள்ளைகளுக்கு ஒரு பேச்சுல நிக்கத் தெரியாதுங்க. நல்லவன்தான், யாரு இல்லைன்னாங்க? ஆனா தினக்கூலி வாச்சரு. சொத்துன்னு பாத்தா காக்கி சட்டை, ஒரு டார்ச்சு லைட்டு. அதுக்கும் கண்ணாலப் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்?

பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு பையனோட அப்பா மண்டிக்காரரு காப்பியக் குடிச்சுட்டு, "இந்தப் பக்கம் முன்னெல்லாம் மான் கறி கெடைக்குமுங்களாமா?"ன்னு நாக்கத் தடவிக்கிட்டே கேட்டாரு. நான் சும்மா இருந்திருக்கோணும். ஆழந் தெரியாம கால உட்ட கதையா, "முன்னென்னங்க முன்ன? கண்ணாலத்த நிச்சயம் பண்ண உறுதி வார்த்தைக்கு வாங்க, எலையில மான் கறி இல்லீன்னா எம்பேரு பொங்கியண்ணன் இல்ல"ன்னுட்டன். சரசு உள்ள இருந்து என்னையப் பாத்தா பாருங்க ஒரு பார்வ! பொம்பளைகளுக்குப் பயம் அதிகமுங்க.

மானைத் தொட்டா செயிலுன்னு எனக்கும் தெரியும். ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க? எம்பட மச்சினன் நாச்சிமுத்துகிட்ட ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கி இருந்துச்சு. கூப்பிடறது நானு, சுடறது அவன், அப்படின்னு பேச்சு. உறுதி வார்த்தைக்கு முந்தின நாளு பொழுதோட கெளம்பறன், வளர்மதி வந்து, "எங்கீங்கப்பா போறீங்க?"ன்னா. "வாழைக்குத் தண்ணி கட்டப் போறம் சாமி"ன்னன். நாச்சிமுத்து கையில சாக்குல சுத்துன துப்பாக்கியப் பாத்தா. "மம்முட்டியா மாமா?"ன்னா. "ஆமாம்மா, புது மம்முட்டி"ன்னான் அவன். ஒண்ணுந் தெரியாத புள்ள, நம்பிட்டா.

காட்டுக்குள்ள ஓடையத் தாண்டி அக்கட்டால ஒரு பாறை இருக்குதுங்க. அதுக்குக் கீழ புதருக்குள்ள நாங்க ரெண்டு பேரும் படுத்துக்கிட்டம். காத்து எங்களப் பாத்து அடிக்குது, நம்ம வாசம் மானுக்குப் போகாது. எலையப் பறிச்சன், ஊதினன். மூணு, ஒரு மூச்சு, ஒரு இழுப்பு.

தம்பி, கேட்டுக்குங்க. ஊதி வாய எடுக்கல, பதிலு வருது! ஓடைக்கு மேல இருந்து, "ஆஆவ்... ஆஆவ்..." கெடா மானு! ஒவ்வொரு தடவ கத்தி முடிக்கறப்பவும் கடைசியில ஒரு விக்கலு. "ஆஆவ்... க்கு." அப்படி. தொண்டை கட்டுன கெடா போலிருக்குது, நெம்ப வயசானதுன்னு முடிவு பண்ணிக்கிட்டன். வயசான கெடான்னா எடையும் நல்லா நிக்கும்.

மறுக்கா ஊதினன். மறுக்காவும் "ஆஆவ்... க்கு." கிட்டத்துல வருது. சாதாரணமா ஒரு கெடாவ இழுத்துக் கொண்டாரதுக்குள்ள பொழுதே போயிரும், சந்தேகப் பிராணி. இது அப்படியில்ல. நான் ஒண்ணு ஊதினா அது ரெண்டு கத்துது. நான் சித்த நேரம் சும்மா இருந்தா அதுவே தேடிக் கூப்பிடுது. எத்தனை ஆசைங்கறீங்க அந்தக் கெடாவுக்கு! கேக்கற எனக்கே வெக்கமாப் போச்சு. நாப்பது வருசமா ஊதறன், என்னைய நம்பி இப்படி ஒரு மானு வந்ததில்ல.

சருகுல அடி விழுகற சத்தம் கேக்குது. சரக்கு, சரக்குன்னு. "மச்சான், ரெண்டு கால்ல வாராப்புல இல்ல கேக்குது?"ன்னான் நாச்சிமுத்து காதுக்குள்ள. "மூடிக்கிட்டுக் குறி பாருடா, நாலு காலையும் எண்ணிக்கிட்டா வெக்கும்? பதுங்கி வருது"ன்னன். வேட்டையில அவனுக்கு அனுபவம் பத்தாதுங்க. துப்பாக்கியத் தோளுல வெச்சு, எதுத்தாப்புல அசையற புதரப் பாத்துக் குறி புடிச்சுட்டான். வெரலு துப்பாக்கிக் குதிரையில இருக்குது. கடைசியா ஒரு ஊதல் ஊதினன். புதருக்கு அந்தாண்ட "ஆஆவ்... க்கு"ன்னு மெல்லமா, காதோட காது வெச்சுப் பேசற மாதிரி ஒரு சத்தம்.

அந்த நேரம் பாத்து எங்க தலைக்கு மேல பாறையில இருந்து, "கக்கர்ர்ர்! கக்கர்ர்ர்!" கருமூஞ்சிக் கொரங்கு!

கொரங்கு அப்படி அலறுனா என்ன அர்த்தமுங்க? புலி! பக்கத்துலயே புலி! நாச்சிமுத்து துப்பாக்கியக் கீழ போட்டான், வேட்டி ஒரு பக்கம் போச்சு, ஆளு வேங்கை மரத்து உச்சியில இருக்கறான். தொப்பைய வெச்சுக்கிட்டு எப்படி ஏறுனான்னு இன்னிக்கு வரைக்கும் அவனுக்கே தெரியாது. எனக்கு ஏற வரல. படுத்த எடத்துலயே கண்ண மூடிக்கிட்டு மாரியாத்தாளக் கும்புடறன். கொரங்கு நிறுத்தவே இல்லீங்க. அலறி அலறி, கடைசியில அது அலறலா அழுகையான்னே தெரியல. கொரங்கு அப்படித் தேம்பி நான் கேட்டதே இல்ல. புலி எத்தனை பெருசா இருந்திருக்கோணும்னு பாத்துக்குங்க.

கண்ணத் தொறந்தா, எதுத்த புதரு வெலகுது. புலியா, கெடாவா? ரெண்டும் இல்லீங்க. மொதல்ல வந்தது ஒரு கை. அந்தக் கையில மொழம் மல்லிகப்பூ.

"வந்துட்டயா கண்ணு?"ங்குது.

வாச்சரு மாதேசு! காக்கி சட்டை, மல்லிகப்பூ, சட்டைப் பையில கடலை முட்டாயிப் பொட்டலம். நான் புதருக்குள்ள இருந்து தலையத் தூக்கறன், அவன் என்னையப் பாக்கறான். "வந்துட்டயா"ங்கறான் பாருங்க! அப்ப நான் வருவன்னு முன்னாடியே துப்பு கெடைச்சிருக்குது. எப்பேர்ப்பட்ட உளவு! யாரு சொல்லியிருப்பாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கறன். பூவு எதுக்குங்கறீங்களா? அங்க ஓடையோரம் வனதேவதைக் கல்லு ஒண்ணு இருக்குது, அதுக்குத்தான். காட்டுல வேலை செய்யறவங்களுக்குப் பக்தி அதிகமுங்க.

ஏனுங்க தம்பி, இருமலா? தண்ணி குடிங்க. இந்தாங்க, எம்பட பாட்டில்ல இருக்குது.

என்னையப் பாத்ததும் அந்தப் பையனுக்குக் கோவத்துல ஒடம்பெல்லாம் நடுங்குது. மூஞ்சி வெளுத்துப் போச்சு. "மா... மாமா"ங்கறான். வேட்டைக்காரனப் புடிச்ச எடத்துலயும் மாமாங்கறான் பாருங்க, மரியாதை தெரிஞ்ச பையன். அப்பறந்தான் கீழ கெடக்கற துப்பாக்கியப் பாத்தான். அதோட வாயி எந்தப் பக்கம் பாத்துக்கிட்டுக் கெடக்குதுன்னும் பாத்தான். பூவக் கையில புடிச்சபடியே அப்படியே உக்காந்துட்டான்.

அந்நேரத்துக்கு வளர்மதி ஓடியாறா! கொரங்கு கத்துச்சே, அந்தப் பாறைப் பக்கமிருந்து. புலி இருக்கற எடத்துல இருந்து எம்பட புள்ள வாராளேன்னு மாரியாத்தாள மறுக்காக் கும்புட்டுக்கிட்டன். கண்ணு முச்சூடும் தண்ணி, தொண்டை கட்டிப் போயி பேச்சே வரல. அப்பன் மாட்டிக்கிட்டான்னு அவளுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ, பெத்தவன் மேல இருக்கற பாசமுங்க அது. ஓடியாந்தவ நேரா அவன்கிட்டத்தான் போனா. தலையத் தடவறா, நெஞ்சத் தடவறா, கையப் புடிச்சுக்கிட்டுக் கதறுறா. எல்லாம் எனக்காகத்தான். காலப் புடிச்சுக் கெஞ்ச வந்தவளுக்கு அவசரத்துல கை கெடைச்சிருக்குது, அதப் புடிச்சுக்கிட்டா. எனக்கும் அழுகை வந்துருச்சு, பொய் சொல்லல. இப்படி ஒரு புள்ளையப் பெத்ததுக்கு நான் என்ன தவம் பண்ணுனனோ.

"கொரங்கப் பாத்தியா புள்ள, புலி எங்க?"ன்னு கேட்டன். "போயிருச்சுங்கப்பா"ன்னா, தொண்டை கரகரங்குது. மரத்து மேல இருந்து நாச்சிமுத்து, "எனக்கென்னமோ..."ன்னு ஆரம்பிச்சான். "நீ மொதல்ல வேட்டியக் கட்டுடா"ன்னன். அவன் பேச்ச யாரு கேப்பாங்க?

மாதேசு கேஸு எழுதல. தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு. "துப்பாக்கிய நானு ஆபீசுல ஒப்படைச்சுக்கறன். இனிமேலு காட்டுக்குள்ள வராதீங்க மாமா. நானு ஊட்டுக்கு வந்து வந்து பாப்பன்"ன்னான். வந்து வந்து பாத்தானுங்க! அன்னிக்கு ராத்திரியே ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போனான். கடமைன்னா கடம.

கேளுங்க, இனிமேத்தான் கூத்து. அடுத்த நாளு உறுதி வார்த்தை. மானு கெடைக்காட்டிப் போகுதுன்னு, அந்தத் தப்பிப் போற ஆட்டுகள்ல ஒண்ண அறுத்து, மொளகு எச்சாப் போட்டு, மான் கறின்னு சொல்லிரலாம்னு ஏற்பாடு. மண்டிக்காரரு குடும்பம் முச்சூடும் பந்தியில உக்காந்தாச்சு. கறிய வெச்சாச்சு. மண்டிக்காரரு மோந்து பாத்துக் கண்ண மூடறாரு. அப்ப வாசல்ல வந்து நிக்கறான் மாதேசு, காக்கி சட்டையில, பொத்தானெல்லாம் போட்டுக்கிட்டு. வளர்மதி ஓடிப்போயி பாத்துட்டு, உள்ள திரும்பி ஊருக்கே கேக்கற மாதிரி, "அப்பா! மான் கறி விசயமா வாச்சரு வந்திருக்கறாருங்க!"ன்னா.

எம்புள்ளைக்கு வெவரம் பத்தாதுங்க. மெல்லமாச் சொல்லியிருக்கலாம். அடுத்த நிமிசம் பந்தியில எலை இருக்குது, ஆளு இல்ல. வந்த வேன் ஸ்டார்ட் ஆகற சத்தந்தான் கேக்குது. தட்டுல வெச்ச வெத்தலை பாக்கு வெச்சபடி இருக்குது. வெண்ணெ தெரண்டு வாரப்பத் தாழி ஒடைஞ்ச கதை. மாப்பிள்ள ஒத்தக் கால் செருப்ப உட்டுட்டுப் போயிட்டான், இன்னும் எங்கூட்டு அட்டாலியில இருக்குது.

தலையில கை வெச்சு உக்காந்துட்டன். வரனும் போச்சு, ஊருக்குள்ள மானமும் போச்சு. வாச்சரு வேற வாசல்ல நிக்கறான், எப்ப வேணும்னாலும் கேஸப் போடலாம். அப்ப வளர்மதி பக்கத்துல வந்து உக்காந்தா. "அப்பா, நீங்க செயிலுக்குப் போறத என்னால பாக்க முடியாதுங்கப்பா. ஒண்ணு செய்யலாம். என்னைய அந்த வாச்சருக்கே கட்டிக் குடுத்துருங்க. மாமனாரு மேல மருமகன் கேஸு போடுவாரா?"ன்னா.

சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டா. தம்பி, எனக்கு நெஞ்சு வெடிச்சுருச்சு. அப்பனுக்காக ஒரு புள்ள, அரிசி மண்டிய உட்டுட்டு, தினக்கூலிக்காரனுக்குக் கழுத்த நீட்டறங்கறா! உலகத்துல எந்தப் புள்ள செய்யுமுங்க? தியாகிங்க, எம்பட புள்ள தியாகி. அடுப்படியில பாத்தா சரசு முந்தானைய வாயில அமுத்திக்கிட்டு நிக்கறா, தோளு ரெண்டும் குலுங்கு குலுங்குன்னு குலுங்குது. பெத்த வயிறில்லீங்களா, தாங்குமா? நாந்தான் போயி, "அழுகாத சரசு, நம்ம புள்ள அனுசரிச்சுக்குவா"ன்னு சமாதானம் பண்ணுனன். அவ இன்னும் எச்சாக் குலுங்குனா.

ஆவணியில கண்ணாலம் முடிஞ்சுது. சும்மா சொல்லக் கூடாது, தங்கமான மாப்பிள்ள. என்னைய இதுவரைக்கும் கேஸுன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. எங்கூட்டுக்குப் பக்கத்துலயே ஓட்டு ஊடு புடிச்சுக் குடி வந்துட்டாங்க. வளர்மதியும் சந்தோசமாத்தான் இருக்கறா. இருக்கற மாதிரி காட்டிக்கறாளோ என்னமோ, தியாகம் பண்ணுனவங்க வெளிய சொல்ல மாட்டாங்க. அதுல ஒரு அதிசயம், கண்ணாலம் ஆனதுல இருந்து எங்க ஆடு ஒண்ணுகூடத் தப்பல.

எனக்கு ஒரே ஒரு கொறதானுங்க. அந்தக் கெடா! என்னைய நம்பி அத்தன தூரம் பதிலு சொல்லிக்கிட்டு வந்த கெடா என்ன ஆச்சு? மாப்பிள்ள மட்டும் சித்த நேரங் கழிச்சு வந்திருந்தா அதக் கண்ணாலயாவது பாத்திருப்பன். "நீங்க வந்த வழியில ஒரு கெடா இருந்திருக்கோணுமே மாப்ள?"ன்னு கேட்டா, "நானு பாக்கலீங்க மாமா"ம்பாரு. காட்டுலயே வேலை, கண்ணு தெரியல.

அது சாகலீங்க. இங்கயேதான் இருக்குது. இப்பவும் பொழுதோட எங்கூட்டுக்குப் பின்னாடி பொடக்காளிப் பக்கம் வந்து, "ஆஆவ்... க்கு"ங்கும். அதே தொண்டை, அதே விக்கலு. மாப்பிள்ள வேலை முடிஞ்சு வார நேரந்தான். சத்தம் கேட்டதும் வளர்மதி கையில இருக்கற வேலையப் போட்டுட்டு ஓடுவா, மானுன்னா அவளுக்குச் சின்னதுல இருந்தே உசுரு. நான் செருப்ப மாட்டிக்கிட்டுப் போறதுக்குள்ள போயிருது. அங்க மாப்பிள்ளதான் நிப்பாரு. போன வாரம் நானே வேலியோரம் ஒளிஞ்சு நின்னு எலைய ஊதிப் பாத்தன். பதிலு வந்துச்சு! கிட்டத்துல, இன்னும் கிட்டத்துல. வேலிச் செடி வெலகுச்சு. மொதல்ல வந்தது ஒரு கை. மல்லிகப்பூ.

மறுக்காவும் கெடுத்துட்டாரு, பாத்துக்குங்க.

அட, லாரி நகுந்துருச்சாட்ட இருக்குது. கண்டக்டரு விசிலு ஊதறாரு. தம்பி, இந்த இருமலுக்கு வைத்தியம் பாருங்க, கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஒரு நா பொழுதோட எங்கூட்டுக்கு வாங்க, அந்தக் கெடாவப் படம் புடிச்சுக் குடுங்க, பிரேம் போட்டு மாட்டிக்கறன். சுட மாட்டன், மாரியாத்தா மேல சத்தியம். ஒரு தடவ பாக்கோணும், அவ்வளவுதான்.

நேத்துக்கூட வளர்மதிகிட்டக் கேட்டன். "ஏம் புள்ள, ஓடி ஓடிப் போறயே, நீயாச்சும் அந்தக் கெடாவ ஒரு நாளாச்சும் பாத்தியா?"

"தெனமும் பாக்கறனுங்கப்பா"ன்னா.

குடுத்து வெச்சவளுங்க அவ.